காலி இருக்கையின் கணக்கு

ஒரே விமானம், பல விலைகள்

ஒரே விமானத்தில் அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்து செல்லும் இருவர் ஒரே கட்டணம் கொடுத்திருப்பது அபூர்வம். ஒருவர் கொடுத்ததைப் போல் மற்றவர் மூன்று மடங்குகூடக் கொடுத்திருக்கலாம். இருக்கையில் வேறுபாடு இல்லை. போய்ச் சேரும் நேரத்திலும் இல்லை. காலையில் பார்த்த விலை மாலையில் ஏறியிருப்பதையும், சில சமயம் மறுநாள் இறங்கியிருப்பதையும் டிக்கெட் வாங்கிய எவரும் கவனித்திருப்பார்கள். இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

விமான நிறுவனம் ஒவ்வொரு வழித்தடத்துக்கும் பல கட்டண நிலைகளை முன்கூட்டியே வகுத்து வைக்கிறது. 100 டாலர், 150 டாலர், 300 டாலர் என்று அவை அடுக்காக இருக்கும். தொகைகள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ஒவ்வொரு நிலையிலும் எத்தனை இருக்கைகள் விற்பனைக்குத் திறந்திருக்கின்றன என்பதுதான் நாளுக்கு நாள் மாறுகிறது. 100 டாலர் நிலையை மூடிவிட்டால் அடுத்து வருபவரின் திரையில் 150 தெரியும். பயணியின் கண்ணுக்கு இது விலையேற்றம். நிறுவனத்துக்கோ இது ஓர் ஒதுக்கீட்டு முடிவு. மலிவான நிலையை எப்போது மூடுவது, எப்போது மறுபடி திறப்பது என்று கணக்கிட்டுச் சொல்வது ஒரு கணினி அமைப்பு.

நிறுவனங்கள் முடிவெடுக்கத் துணைநிற்கும் இத்தகைய கணினி அமைப்புகளுக்கு ‘முடிவுத் துணை அமைப்புகள்’ என்று பெயர். அவை எப்படி வேலை செய்கின்றன, எங்கே தடுமாறுகின்றன என்பதை விமான இருக்கையைப் போல் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டுகள் குறைவு.

இரண்டு தவறுகள்

மாலைக்குள் விற்காத மல்லிகைப்பூவைப் போன்றது விமான இருக்கை. விமானம் கிளம்பியதும் காலி இருக்கையின் மதிப்பு பூஜ்யமாகிவிடும். அதை எடுத்து வைத்து மறுநாள் விற்க முடியாது. விமானம் பறப்பதற்கான செலவோ ஏறக்குறைய அதேதான். ஆகவே, வருகிற விலைக்கு விற்றுவிடுவதே புத்திசாலித்தனம் என்று முதலில் தோன்றும்.

சிக்கல் பயணிகள் வரும் வரிசையில் இருக்கிறது. சுற்றுலாவுக்கும் உறவினர் வீட்டுக்கும் போகிறவர்கள் வாரக்கணக்கில் முன்னதாகவே திட்டமிடுகிறார்கள். விலை கூடினால் தேதியை மாற்றுவார்கள், அல்லது பயணத்தையே கைவிடுவார்கள். அலுவல் காரணமாகப் போகிறவர்களோ கடைசி நாள்களில் வருகிறார்கள். எந்த விலையானாலும் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். குறைவாகக் கொடுப்பவர்கள் முதலிலும் அதிகம் கொடுப்பவர்கள் கடைசியிலும் வருவதால், பின்னால் யார் வருவார்கள் என்று தெரியாமலேயே முன்னால் நிற்பவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதில் தவறு இரண்டு வழிகளில் நேரும். அலுவல் பயணிகளுக்காக அதிக இருக்கைகளை ஒதுக்கி வைத்து அவர்கள் வராமல் போனால், விமானம் காலி இருக்கைகளோடு பறக்கும். குறைவாக ஒதுக்கினால், 300 டாலர் கொடுக்க வந்தவருக்கு இடமில்லாமல் போகும். அந்த இருக்கையில் 100 டாலர் கொடுத்தவர் உட்கார்ந்திருப்பார். முதல் தவறு எல்லோர் கண்ணிலும் படும். திரும்பிப் போனவரைப் பற்றிய குறிப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது என்பதால் இரண்டாவது தவறு பெரும்பாலும் மறைந்தே இருக்கும்.

மூன்று வகை முடிவுகள்

1978ஆம் ஆண்டு பொருளாதார நோபெல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், 1960இலேயே நிறுவன முடிவுகளை ஒரு நீண்ட கோட்டின் இரு முனைகளாகப் பார்த்தார். ஒரு முனையில் திரும்பத் திரும்ப வரும், வழிமுறை எழுதி வைக்கக்கூடிய முடிவுகள். மறுமுனையில் புதிதாக முளைக்கும், முன்மாதிரி இல்லாத முடிவுகள். 1971இல் அந்தோனி கோரி, மைக்கேல் ஸ்காட் மார்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கருத்தை விரித்து, முடிவுத் துணை அமைப்பு என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அவர்கள் பிரித்த வகைகளை விமான நிறுவனத்திலேயே காணலாம். ஊழியர்களின் மாதச் சம்பளத்தைக் கணக்கிடுவது முற்றிலும் வரையறுக்கப்பட்ட வேலை. அதைக் கணினியிடம் முழுமையாக ஒப்படைத்துவிடலாம். இதுவரை போகாத நகரத்துக்குச் சேவை தொடங்கலாமா என்பது வரையறைக்குள் அடங்காதது. அரசியல், போட்டி, துணிச்சல் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது இருக்கை ஒதுக்கீடு. அதில் ஒரு பகுதியைக் கணக்காக்க முடியும். மறுபகுதிக்கு மனிதத் தீர்ப்பு வேண்டும். முடிவுத் துணை அமைப்புகளின் களம் இந்த நடுப்பகுதிதான்.

மனிதர் மட்டுமே இதைச் செய்ய முடியாததற்கு எண்ணிக்கை காரணம். நாளொன்றுக்கு 2,000 விமானங்களை இயக்கும் நிறுவனம், 330 நாள்களுக்கு முன்பிருந்தே முன்பதிவைத் திறந்து வைத்தால், எந்த நேரத்திலும் 6,60,000 பயணங்கள் விற்பனையில் இருக்கும். ஒவ்வொன்றிலும் எட்டுக் கட்டண நிலைகள் இருந்தால் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வரம்புகளைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முடிவும் தனித்தனியே அற்பமானது. கூட்டிப் பார்த்தால் நிறுவனத்தின் லாப நட்டமே அதில் அடங்கியிருக்கிறது.

முதல் தேவை: நம்பகமான பதிவு

கணக்குப் போடுவதற்கு முன் எத்தனை இருக்கைகள் விற்றிருக்கின்றன என்பது தெரிய வேண்டும். 1950களில் அதுவே பெரும்பாடாக இருந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் சுழலும் மேசையைச் சுற்றி ஊழியர்கள் உட்கார்ந்து, பயணத்துக்கு ஓர் அட்டை என்று எடுத்து, விற்ற இருக்கைகளைக் குறித்து வந்தார்கள். ஒரு முன்பதிவு முடியச் சராசரியாக 90 நிமிடம் பிடித்தது.

1953இல் அந்நிறுவனத்தின் தலைவர் சி. ஆர். ஸ்மித், ஒரு விமானப் பயணத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் விற்பனையாளரான பிளேர் ஸ்மித்தைத் தற்செயலாகச் சந்தித்தார். அந்தப் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் ‘சேபர்’ என்ற முன்பதிவு அமைப்பு. நியூயார்க் மாநிலத்தின் பிரையர்கிளிஃப் மேனரில் நிறுவப்பட்ட இரண்டு ஐ.பி.எம். 7090 கணினிகளின்மேல் அது இயங்கியது. 1964இல் நிறுவனம் முழுவதற்கும் விரிந்தது.

சேபர் எந்த முடிவையும் எடுக்கவில்லை. இருக்கை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொன்னது. ஆனால் எந்தப் பயணத்துக்கு, எத்தனை நாள் முன்னதாக, எந்த விலையில், எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது முதன்முறையாக ஒரே இடத்தில் சேரத் தொடங்கியது. பின்னால் வந்த கணக்குகளுக்கெல்லாம் அடித்தளம் இந்தக் குவியல்தான்.

25ஆவது இருக்கை

பதிவுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்குத் தெளிவான ஒரு வழியை 1972இல் கென் லிட்டில்வுட் என்பவர் முன்வைத்தார். பிரிட்டிஷ் ஏர்வேஸின் முன்னோடிகளில் ஒன்றான பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். அவர் சொன்ன வழியைச் சிறிய எண்களைக் கொண்டு பார்க்கலாம்.

ஒரு விமானத்தில் 100 இருக்கைகள். சலுகைக் கட்டணம் 100 டாலர்; முழுக் கட்டணம் 300 டாலர். சலுகைக் கட்டணத்தில் வாங்க எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கிறார்கள். முழுக் கட்டணத்தில் வருபவர்களின் எண்ணிக்கைதான் நாளுக்கு நாள் மாறுகிறது. அவர்களுக்காக எத்தனை இருக்கைகளை ஒதுக்கி வைக்கலாம்?

எத்தனை பேர் வருவார்கள் என்று ஒரே எண்ணில் ஊகிப்பதை லிட்டில்வுட் முறை தவிர்க்கிறது. ஒவ்வோர் இருக்கையையும் தனித்தனியே எடுத்து, கடந்த 100 பயணங்களில் அது எத்தனை முறை பயன்பட்டிருக்கும் என்று கேட்கிறது. முழுக் கட்டணத்தில் குறைந்தது 21 பேர் வந்த நாள்கள் 60 என்று பதிவு காட்டுவதாகக் கொள்ளலாம். அப்படியானால் ஒதுக்கிய 21ஆவது இருக்கை 60 நாள்களில் 300 டாலர் தந்திருக்கும்; மீதி 40 நாள்களில் காலியாகப் பறந்திருக்கும். 100 நாள்களில் மொத்தம் 18,000 டாலர், நாளுக்கு 180. அதே இருக்கையைச் சலுகை விலையில் விற்றிருந்தால் நிச்சயமாகக் கிடைத்திருப்பது 100. எனவே 21ஆவது இருக்கையை ஒதுக்குவதே நல்லது.

இருக்கை எண் கூடக்கூட அது பயன்படும் நாள்கள் குறையும். குறைந்தது 24 பேர் வந்தவை 36 நாள்கள். 24ஆவது இருக்கையின் சராசரி வருவாய் 108 டாலர். இதுவும் 100க்கு மேல்தான், ஒதுக்கலாம். குறைந்தது 25 பேர் வந்தவை 30 நாள்கள். 25ஆவது இருக்கையின் சராசரி வருவாய் 90 டாலர். இங்கே நிறுத்த வேண்டும். ஆக, 24 இருக்கைகளை ஒதுக்கிவிட்டு 76 இருக்கைகளைச் சலுகை விலையில் விற்கலாம். 76ஆவது சலுகை டிக்கெட் விற்றதும் அந்த நிலை மூடப்படும்.

இந்தக் கணக்கில் 24ஆவது இருக்கை 100 நாள்களில் 64 நாள்கள் காலியாகவே பறக்கிறது. தனியாக ஒரு நாளைப் பார்க்கும் மேலாளருக்கு அது வீண் என்றே தோன்றும். நூறு நாள்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் காலி இருக்கை தன் விலையை ஈட்டியிருப்பது தெரியும்.

சலுகைக் கட்டணத்தை 200 டாலராக உயர்த்தினால் விடை மாறிவிடும். 180 டாலர் தரும் 21ஆவது இருக்கையை இனி ஒதுக்குவதில் பொருளில்லை. குறைந்தது 20 பேர் வந்தவை 68 நாள்கள் என்றால், 20ஆவது இருக்கையின் சராசரி 204 டாலர். ஒதுக்கீடு 20இல் நின்றுவிடும். அலுவல் பயணிகளின் எண்ணிக்கையில் எந்த மாற்றமும் நேரவில்லை. இரண்டு தவறுகளுக்கும் கொடுக்க வேண்டிய விலை மட்டுமே மாறியது. அதோடு சரியான முடிவும் மாறியது. எதிர்காலத்தை அறிந்து சொல்லும் வித்தை எதுவும் இங்கே நடப்பதில்லை. தெரியாததை எண்ணிக்கையாக மாற்றி, அதன் அருகே தவறுகளின் விலையை எழுதி, இரண்டையும் ஒப்பிடுவதே முறையின் சாரம்.

இரண்டு கட்டண நிலைகளுக்கான இந்த முறையைப் பல நிலைகளுக்கு விரிவாக்கும் எளிய வழியை 1987இல் பீட்டர் பெலோபாபா, எம்.ஐ.டி.யில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டில் காட்டினார். பல விமான நிறுவனங்கள் அதைக் கைக்கொண்டன.

வராமல் போகிறவர்கள்

டிக்கெட் வாங்கிய அனைவரும் விமான நிலையத்துக்கு வந்துவிடுவதில்லை. இருக்கைகளின் எண்ணிக்கையோடு முன்பதிவை நிறுத்தினால், முழுவதும் விற்றுத் தீர்ந்த விமானங்களில்கூட ஏறத்தாழ 15 விழுக்காடு இருக்கைகள் வீணாகும் என்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மதிப்பிட்டது. ஆகவே இருக்கைகளைவிடக் கூடுதலாக டிக்கெட் விற்கிறார்கள். இதற்கு ‘மிகைப்பதிவு’ என்று பெயர்.

முந்தைய விமானத்துக்கே இதையும் கணக்கிடலாம். கூடுதல் டிக்கெட் பொருந்திவிட்டால் லாபம் 100 டாலர். எல்லோரும் வந்து ஒருவரை விட்டுச் செல்ல நேர்ந்தால், இழப்பீடு, தங்குமிடம், கெட்ட பெயர் எல்லாம் சேர்ந்து நட்டம் 400 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். குறைந்தது 6 பேர் வராமல் போன நாள்கள் 100இல் 84 என்றால், ஆறாவது கூடுதல் டிக்கெட்டின் லாபம் 8,400; மீதி 16 நாள்களின் நட்டம் 6,400. விற்கலாம். குறைந்தது 7 பேர் வராமல் போன நாள்கள் 78 என்றால், ஏழாவது டிக்கெட்டின் லாபம் 7,800, நட்டம் 8,800. விற்கக் கூடாது. மொத்தம் 106 டிக்கெட்டுகளோடு நிறுத்திக்கொள்வது சரி.

கணக்கு போட்டிக்கு வந்தபோது

1978இல் அமெரிக்க அரசு விமானக் கட்டணங்களின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தை இயற்றியது. புதிய, மலிவான நிறுவனங்கள் முளைத்தன. அவற்றில் பெயர்பெற்றது 1981இல் நியூவார்க்கிலிருந்து பறக்கத் தொடங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ். குறைந்த சம்பளம், குறைந்த வசதி, மிகக் குறைந்த கட்டணம் என்பது அதன் வழி. பழைய நிறுவனங்கள் எல்லா இருக்கைகளிலும் அதே விலைக்கு இறங்கினால் செலவைக்கூட ஈட்ட முடியாது.

ராபர்ட் கிராண்டல் தலைமையில் இருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 1985 ஜனவரியில் வேறொரு வழியில் பதிலடி கொடுத்தது. முன்கூட்டியே வாங்குவோருக்கு மட்டும், பணம் திரும்பக் கிடைக்காது என்ற நிபந்தனையோடு, போட்டியாளரின் கட்டணத்துக்கு நிகரான சலுகையை அறிவித்தது. ஒவ்வொரு விமானத்திலும் எத்தனை இருக்கைகள் அந்த விலையில் போகலாம் என்பதைக் கணக்கு தீர்மானித்தது. காலியாகப் போகவிருந்த இருக்கைகள் மலிவாக விற்றன. கடைசி நேரப் பயணிகளுக்கான இருக்கைகள் தப்பின. இத்தகைய கணக்கு பீப்பிள் எக்ஸ்பிரஸின் கையில் இல்லை. வேறு சுமைகளும் சேர்ந்துகொள்ள, 1986இல் அது விற்கப்பட்டது. 1987இல் கான்டினென்டல் நிறுவனத்தோடு கரைந்தது.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1988இல் ‘டைனமோ’ என்ற முழு அமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அது முன்பதிவுத் தரவிலிருந்து தேவையை முன்கணித்தது. மிகைப்பதிவையும் ஒதுக்கீட்டையும் கணக்கிட்டது. வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்ளும் விமானங்களை மட்டும் பிரித்து ஆய்வாளர்களின் முன்வைத்தது. மூன்று ஆண்டுகளில் இந்த முறையால் கிடைத்த கூடுதல் வருவாய் 140 கோடி டாலர் என்று நிறுவனம் கணக்கிட்டது. 1991இல் செயற்பாட்டு ஆய்வுத் துறையின் உயரிய விருதான ஃபிரான்ஸ் எடெல்மன் பரிசு இதற்குக் கிடைத்தது. தரவு, கணக்கு முறை, மனிதர் பார்த்துத் திருத்தக்கூடிய திரை ஆகிய மூன்றும் இணைந்ததே முடிவுத் துணை அமைப்பு என்பதற்கு டைனமோ நல்ல சான்று.

விதிக்கும் முன்கணிப்புக்கும் உள்ள இடைவெளி

விலை ஏறுவதெல்லாம் இத்தகைய அமைப்பின் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. 2016 செப்டம்பரில் இந்திய ரயில்வே, ராஜதானி, துரந்தோ, சதாப்தி ரயில்களில் நெகிழ் கட்டணத்தை அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு 10 விழுக்காடு இடம் விற்றதும் அடிப்படைக் கட்டணம் 10 விழுக்காடு ஏறும். ஒன்றரை மடங்கு உச்ச வரம்பு. யாரும் காகிதத்தில் கணக்கிட்டுவிடக்கூடிய, ஒளிவுமறைவற்ற விதி அது. ஆனால் எத்தனை இடம் விற்றது என்பதை மட்டுமே அது பார்த்தது. இனி யார் வருவார்கள், வராமல் போவார்கள் என்று பார்க்கவில்லை. கூட்டம் குறைவான ரயில்களுக்கும் அதே ஏணிதான். 2018இல் இடங்கள் பெருமளவு காலியாக ஓடிய 15 ரயில்களில் இந்த முறை கைவிடப்பட்டது.

தரவு காட்டாதவை

முன்கணிப்பின் பலம் பதிவுகளில் இருக்கிறது, பலவீனமும் அங்கேதான். முதலாவதாக, பதிவில் இருப்பது விற்பனை, தேவை அன்று. 76 சலுகை டிக்கெட்டுகளோடு விற்பனையை மூடியபின் எத்தனை பேர் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள் என்பது பதிவாவதில்லை. விற்ற எண்ணிக்கையையே தேவை என்று எடுத்துக்கொண்டால் அடுத்த முறை ஒதுக்கீடு தவறும். ஆகவே மூடப்பட்ட நிலைகளில் மறைந்திருக்கும் தேவையைப் புள்ளியியல் முறையில் மதிப்பிட்டுச் சேர்க்கிறார்கள்.

இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. சலுகைப் பயணியும் முழுக் கட்டணப் பயணியும் வேறுவேறு ஆள்கள் என்று லிட்டில்வுட் முறை கருதுகிறது. முன்கூட்டியே வாங்க வேண்டும், குறிப்பிட்ட நாள்கள் தங்க வேண்டும் என்ற நிபந்தனைகள்தான் இருவரையும் பிரிக்கும் வேலியாக நின்றன. மலிவு நிறுவனங்களின் போட்டியால் பல இடங்களில் நிபந்தனைகள் தளர்ந்தன. முழுக் கட்டணம் கொடுத்திருக்கக்கூடியவர்களும் சலுகை விலையில் வாங்கத் தொடங்கினார்கள். 24ஆவது முழுக் கட்டணப் பயணி வந்த நாள்கள் 36லிருந்து 25 ஆகக் குறைந்ததாகப் பதிவு காட்டினால், அந்த இருக்கையின் மதிப்பு 75 டாலர் ஆகிவிடும். அமைப்பு அதை ஒதுக்காமல் சலுகைக்குத் திறந்துவிடும். சலுகை இருக்கைகள் கூடியதால் இன்னும் பலர் அங்கே சாய்வார்கள். அடுத்த கணக்கில் ஒதுக்கீடு இன்னும் குறையும். ஆய்வாளர்கள் இதைச் ‘சுழல் சரிவு’ என்று விவரித்தார்கள். எந்தப் படியிலும் கூட்டல் கழித்தலில் தவறில்லை. கணக்கு நின்றிருந்த அனுமானம் கணினிக்கு வெளியே உடைந்திருந்தது.

மூன்றாவது, கடந்த காலமே பயனற்றுப்போவது. 2020இல் கொரோனா பெருந்தொற்று விமானங்களைத் தரையிறக்கியபோது, பல ஆண்டுப் பதிவுகள் ஒரே மாதத்தில் செல்லாக்காசாயின. அமைப்புகளின் பரிந்துரைகளை ஒதுக்கிவைத்து, அண்மை நாள்களின் முன்பதிவை மட்டும் பார்த்து மனிதர்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

மனிதருக்கு உரிய பங்கு

அன்றாட நிலையில் ஆய்வாளரின் வேலை, பதிவில் இல்லாததைச் சேர்ப்பது. ஒரு நகரத்தில் முதன்முறையாக நடக்கவிருக்கும் மாநாடு பழைய தரவில் இருக்காது. அதை அறிந்தவர் ஒதுக்கீட்டைக் கூட்டலாம். ஆனால் கணக்கு பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் திருத்தும் பழக்கம் வருவாயைக் குறைத்துவிடும். எனவே ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்து, அது பலன் தந்ததா என்று பின்னால் சரிபார்ப்பது நல்ல நடைமுறை.

அதைவிடப் பெரிய பொறுப்பு, தவறுகளின் விலையைச் சொல்வது. விமானத்தில் ஒருவருக்கு இடமில்லாமல் போனால் 400 டாலர் நட்டம் என்ற எண்ணைக் கணினி கண்டுபிடிக்கவில்லை, மனிதர் கொடுத்தார். 1960களில் இடமில்லாதபோது யாரை இறக்குவது என்பதை நிறுவனமே முடிவுசெய்தது. இடத்தை விட்டுக்கொடுக்க முன்வருபவர்களை ஏலம்போலக் கேட்டு, வேண்டிய இழப்பீடு கொடுக்கலாம் என்று பொருளியலாளர் ஜூலியன் சைமன் 1968இல் எழுதினார். பத்தாண்டுகள் கழித்து, முதலில் விருப்பமுள்ளவர்களைக் கேட்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் வந்தது. இதனால் தவறின் விலையைப் பயணிகளே சொல்லும் நிலை உருவானது.

அந்த விலையை மிகக் குறைவாக வைத்தால் என்ன ஆகும் என்பதை 2017 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த நிகழ்ச்சி காட்டியது. நிறைந்த யுனைடெட் விமானம் ஒன்றில் ஊழியர்கள் நால்வருக்கு இடம் தேவைப்பட்டது. அறிவித்த இழப்பீட்டுக்குப் போதிய ஆள் முன்வரவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட பயணி ஒருவர் மறுத்தபோது வலுக்கட்டாயமாக இழுத்து வெளியேற்றப்பட்டார். காட்சி உலகமெங்கும் பரவியது. அதன்பின் அந்நிறுவனம் இழப்பீட்டு உச்ச வரம்பை 10,000 டாலராக உயர்த்தியது. எந்த மிகைப்பதிவுக் கணக்கும் இந்த அளவு நட்டத்தைத் தன் எண்களில் சேர்த்திருக்கவில்லை.

வேறு எங்கே பொருந்தும்

அளவு வரையறைக்குட்பட்டது, நேரம் தாண்டினால் வீணாவது, முன்பதிவில் விற்பது, வேறுவேறு விலை கொடுக்கத் தயாரானவர்கள் வாங்குவது ஆகிய நான்கு தன்மைகளும் சேர்ந்த எந்தத் தொழிலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். மாரியட் போன்ற விடுதி நிறுவனங்கள் அறைகளுக்கும், நேஷனல் போன்ற வாடகைக் கார் நிறுவனங்கள் வண்டிகளுக்கும் இதை எடுத்துக்கொண்டன. இந்தத் தன்மைகள் இல்லாத இடங்களிலும் முறையின் எலும்புக்கூடு அதுவே. மருந்துக் கிடங்கில் எவ்வளவு இருப்பு வைப்பது, அணையில் எவ்வளவு நீரைத் தேக்குவது என்ற கேள்விகளிலும் அதிகமாக வைத்தால் ஒரு நட்டம், குறைவாக வைத்தால் வேறொரு நட்டம்.

அத்தகைய அமைப்பு ஒன்றை நாடும் நிறுவனம் மூன்றை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்: பதிவுகள் உண்மையான தேவையைக் காட்டுகின்றனவா, கணக்கின் அனுமானங்கள் இன்றும் செல்லுமா, இரண்டு பக்கத் தவறுகளின் விலையையும் பொறுப்புள்ள ஒருவர் நிர்ணயித்திருக்கிறாரா. இந்த மூன்றும் சரியாக இருந்தால் எளிய கணக்கே பெரும் பலன் தரும். இவை பிழையாக இருந்தால், அதே பிழையை லட்சக்கணக்கான முறை வேகமாகச் செய்வதற்கே கணினி உதவும்.